யோகோ ஒகாவா: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யோகோ ஒகாவா யார்?

இன்றைய ஜப்பானிய நாவலாசிரியர்களில் முன்வரிசையில் இருப்பவர். 1962 மார்ச் 30 அன்று ஒகயாமா நகரில் பிறந்தார். 1988-ல் எழுத வந்தவர், நாவல், குறுநாவல், சிறுகதை, கட்டுரை என்று இன்றுவரை நிற்காமல் எழுதிக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டு வாசகர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தியவை இரண்டு நாவல்கள். ஒன்று, ஞாபகம் எண்பது நிமிடத்துக்கு மேல் நிற்காத ஒரு கணிதப் பேராசிரியரின் கதையான 'தி ஹவுஸ்கீப்பர் அண்ட் தி புரொஃபசர்'. இன்னொன்று, பொருள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும் தீவைப் பற்றிய 'தி மெமரி போலீஸ்'.

அவருடைய இளமைக் காலம் எப்படிப்பட்டது?

ஒகாவாவின் தாத்தா கொன்கோக்கியோ என்ற மதத்தின் போதகர். 1859-ல் ஒகயாமா வட்டாரத்திலேயே ஒரு விவசாயி தொடங்கிய மதம் இது. அந்த மதத்தின் ஆலய வளாகத்துக்குள்தான் ஒகாவா பிறந்து வளர்ந்தார். கொன்கோக்கியோவில் ஒரு வழக்கம் உண்டு. போதகர் நாள் முழுக்க ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார். கஷ்டம் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து அவரிடம் மனசில் இருப்பதைச் சொல்வார்கள். அவர் கேட்டுக்கொண்டு, அதைக் கடவுளிடம் சேர்ப்பிப்பார், கடவுளின் வார்த்தையை அவர்களிடம் சேர்ப்பிப்பார்.

ஒகாவாவின் கதைசொல்லிகளைக் கவனித்தால் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள்தான் என்பது தெரியும். வீட்டு வேலை செய்பவர், ஆய்வக உதவியாளர், தட்டச்சுக்காரி, அருங்காட்சியகப் பணியாளர் என்று ஓரமாக நின்று அடுத்தவர் வாழ்க்கையைக் கேட்டுக் குறித்துக்கொள்பவர்கள். அந்த ஆலய வளாகத்தில் கழிந்த குழந்தைப் பருவத்துக்கு இதில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

எழுத்து எப்படித் தொடங்கியது? கணவருக்கே தெரியாமல் எழுதினாராமே?

தோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்து 1984-ல் பட்டம் பெற்றார். அப்புறம் சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி, குராஷிகியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் செயலாளராக வேலை பார்த்தார். 1986-ல் எஃகு நிறுவனம் ஒன்றின் பொறியாளரைத் திருமணம் செய்துகொண்டு வேலையை விட்டார். அந்தக் காலத்து ஜப்பானில் பெண்களுக்கு அது சர்வசாதாரணமாக நடந்தது.

கணவர் வேலைக்குப் போன பிறகு எழுதினார். மறைத்தார் என்பதைவிட, சொல்லிக்கொள்ளவில்லை என்பதே சரியாக இருக்கும். 1988-ல் ஒரு குறுநாவலுக்குக் கையென் இலக்கிய இதழின் புதுமுக எழுத்தாளர் பரிசு கிடைத்தபோதுதான் மனைவி எழுதுகிறார் என்பது கணவருக்குத் தெரியவந்தது. பிறகு மகன் பிறந்தான். குழந்தை தூங்கும் நேரம், விளையாடும் நேரம் என்று கிடைத்த இடைவெளிகளில் எழுதியதுதான் 'கர்ப்பக் குறிப்பேடு'. அதற்கு 1991 ஜனவரியில் அகுதாகவா பரிசு அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 28. ஜப்பானில் வளரும் எழுத்தாளர்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

ஆன் ஃபிராங்க் டைரிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

இவரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சாவிதான் தரலாம் என்றால் நான் இதைத்தான் தருவேன்.

பள்ளி வயதில் ஒகாவா ஆன் ஃபிராங்கின் டைரியைப் படித்தார். நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒளிந்திருந்த யூதச் சிறுமியின் டைரி அது. வெளியே கால் வைக்க முடியாத இடத்தில் அடைபட்ட ஒரு பெண், எழுத்துக்குள் அவ்வளவு சுதந்திரமாக இருக்க முடிந்திருக்கிறதே என்பது அவரை உலுக்கியிருக்கிறது. தானும் டைரி எழுதத் தொடங்கினார். பின்னாளில் எழுத்தாளரான பிறகு ஃபிராங்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம், ஆஷ்விட்ஸ் வதைமுகாம் என்று ஆனின் வாழ்க்கை கடந்த இடங்களுக்கெல்லாம் நேரில் போய், 1995-ல் ஒரு பயண நூல் வெளியிட்டார். அந்தப் பயணத்தில் மீப் ஹீஸ் என்ற மூதாட்டியைச் சந்தித்தார்.

மீப் ஹீஸ் யார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆனின் அப்பாவிடம் வேலை பார்த்தவர். ஒளிந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் ஒருவர். 1944 ஆகஸ்ட் 4 அன்று எல்லோரும் பிடிபட்டுப் போன பிறகு, தரையில் சிதறிக் கிடந்த டைரியையும் தாள்களையும் பொறுக்கி எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். படிக்கவில்லை. ஆன் திரும்பி வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்று அப்படியே வைத்திருந்தார். ஆன் வரவில்லை. போர் முடிந்து அப்பா ஓட்டோ மட்டும்தான் உயிரோடு திரும்பினார். ஆனின் சாவு உறுதியான பிறகு, 1945-ல், அந்த டைரியையும் தாள்களையும் ஓட்டோவின் கையில் கொடுத்தார் மீப்.

ஆன் ஃபிராங்கைப் படித்த எழுத்தாளர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆனைப் பற்றி யோசிப்பார்கள். ஒகாவா எழுதிய பாத்திரங்களோ மீப்பின் வம்சம். யாரோ விட்டுப்போனதை எடுத்து வைத்துக்கொள்பவர்கள், அதன் மதிப்பு தனக்குத் தெரியாவிட்டாலும் தூக்கி எறியாதவர்கள். இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் அவருடைய விசித்திரமான கதைகளெல்லாம் ஒரே வீட்டின் அறைகளாகத் தெரியும்.

'தி மெமரி போலீஸ்' எதைப் பற்றியது?

பெயரில்லாத ஒரு தீவு. அங்கே அவ்வப்போது ஏதாவது ஒரு பொருள் 'மறைந்துபோகிறது'. காலையில் கண் விழிக்கும்போதே காற்றில் என்னவோ மாறியிருப்பது தெரியும். இன்று பறவை. நாளை ரோஜா. இன்னொரு நாள் புகைப்படம். பொருள் உடனே கண்ணைவிட்டுப் போய்விடாது. அதன் அர்த்தம் மனதிலிருந்து உதிர்ந்துவிடும். பிறகு ஜனங்களே அதைக் கொண்டுபோய் எரிப்பார்கள், ஆற்றில் விடுவார்கள். ரோஜா மறைந்த நாளில் ஆறு முழுக்க இதழ்கள் மிதந்து போகும் காட்சி ஒன்று இருக்கிறது. இவ்வளவு அழகான ஒரு காட்சி இவ்வளவு பயமாக இருக்க முடியுமா என்று தோன்றும்.

தீவில் ஒருசிலருக்கு மட்டும் எதுவும் மறப்பதில்லை. அவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோவதுதான் மெமரி போலீஸின் வேலை. கதைசொல்லி ஒரு நாவலாசிரியை. அவருடைய அம்மா சிற்பி, மறக்காதவர். ஒரு நாள் போலீஸ் அழைத்துப் போனது, அவர் உயிரோடு திரும்பவில்லை. அப்பா பறவை ஆய்வாளர். பறவைகள் மறைவதற்கு முன்பே இறந்துவிட்டார், அது ஒரு விதத்தில் அவருடைய அதிர்ஷ்டம்.

நாவலாசிரியையின் பதிப்பாசிரியர், 'ஆர்' என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்டவர், அவரும் மறக்காதவர் என்று தெரிய வருகிறது. முன்பு படகில் மெக்கானிக்காக இருந்த ஒரு முதியவரின் துணையோடு, தன் வீட்டில் இரண்டு தளங்களுக்கு நடுவே ஒரு சின்ன அறை கட்டி ஆரை ஒளித்துவைக்கிறாள் கதைசொல்லி. பேசிக்கொள்ள ஒரு குழாய், சாப்பாடு இறக்க ஒரு வழி. ஆம்ஸ்டர்டாம் வீட்டை நினைக்காமல் இந்தப் பக்கங்களைப் படிக்க முடியாது.

ஆனால் ஒகாவா செய்திருக்கும் ஒரு மாற்றம்தான் நாவலின் உயிர். ஒளிந்திருப்பவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. காப்பாற்றுகிறவளுக்கோ ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வருகிறது. தான் எதைக் காப்பாற்றுகிறோம் என்பதே தெரியாமல் காப்பாற்றுகிறாள். மறைந்த பொருள்களைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து, இது இன்னது, இதை வைத்து இப்படிச் செய்வார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார் ஆர். அவளுக்குள் ஏதோ லேசாக அசைகிறது, அவ்வளவுதான். மறதி நோய் வந்த பெரியவர்கள் உள்ள வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் வேறு மாதிரி வலிக்கும்.

அது சர்வாதிகாரத்துக்கு எதிரான நாவல்தானே?

அப்படித்தான் பலரும் படிக்கிறார்கள். ஜப்பானில் 1994-ல் வந்த நாவல் ஆங்கிலத்தில் 2019-ல்தான் வந்தது. கண்காணிப்பு, பொய்ச் செய்தி, வரலாற்றை அழித்து எழுதுவது என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். எனவே விமர்சகர்கள் உடனே அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள்.

அந்த வாசிப்பு தவறில்லை, ஆனால் பாதிதான் என்பது என் எண்ணம். பொருள்களை மறையவைப்பது போலீஸ்தான் என்று நாவல் எங்கும் சொல்வதில்லை. மறைதல் பருவநிலை போல வருகிறது. மறைந்ததை மிச்சமில்லாமல் துடைப்பதுதான் போலீஸின் வேலை. அதைவிடப் பயங்கரம், மக்கள் அதற்குப் பழகிவிடும் விதம். தொப்பிகள் மறைந்ததும் தொப்பி செய்தவர் குடை செய்யப் போகிறார். படகு மறைந்ததும் மெக்கானிக் கிடங்குக் காவலுக்குப் போகிறார். இரண்டு மூன்று நாள் கொஞ்சம் சங்கடம், பிறகு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். நாள்காட்டி மறைந்த பிறகு வசந்தம் வருவதே நின்றுபோகிறது, பனி பெய்துகொண்டே இருக்கிறது. அதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். எதிர்ப்புக் குரல் எங்கே என்று தேடும் வாசகர்களுக்கு இந்த நாவல் ஏமாற்றம் தரும். எதிர்ப்பு என்று இதில் இருப்பதெல்லாம் ஒரு மனிதனைத் தரைக்கு அடியில் ஒளித்துவைத்து வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுப்பது மட்டுமே. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

பேராசிரியர் நாவலின் கதை என்ன? ஜப்பானில் ஏன் அவ்வளவு விற்றது?

ஜப்பானில் 2003-ல் வெளியானது. கதை 1992-ல் நடக்கிறது. கணிதப் பேராசிரியருக்கு வயது 64. 1975-ல் ஒரு கார் விபத்தில் தலையில் அடிபட்டது. அதற்கு முன் நடந்ததெல்லாம் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவுமே எண்பது நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை. கோட்டு முழுக்கத் துண்டுச் சீட்டுகளைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதில் முக்கியமான சீட்டு, 'என் ஞாபகம் எண்பது நிமிடம்தான்' என்பது.

அவர் வீட்டில் இதற்கு முன் ஒன்பது வேலைக்காரர்கள் வந்து, வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பத்தாவதாக வருபவள்தான் கதைசொல்லி. தனியாக மகனை வளர்க்கும் தாய். தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது அவருக்கு அவள் யாரோ. புதிய மனிதர்களிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது, அதனால் எண்களைக் கேட்பார். செருப்பு அளவு என்ன? 24 என்றால், அது நான்கின் காரணீயப் பெருக்கம் (1×2×3×4), உறுதியான எண் என்பார். தொலைபேசி எண்? 5761455. பிரமாதம், ஒன்றிலிருந்து பத்துக் கோடி வரை இருக்கும் பகா எண்களின் எண்ணிக்கை அது!

அவளுடைய பிறந்தநாள் பிப்ரவரி 20. அதாவது 220. பேராசிரியருக்கு இளமையில் கிடைத்த பரிசுக் கடிகாரத்தின் பின்பக்கம் 284 என்று பொறித்திருக்கிறது. 220-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களை, 220-ஐ விட்டுவிட்டு, கூட்டிப் பாருங்கள்: 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110. மொத்தம் 284. இப்போது 284-க்கு அதே போல: 1, 2, 4, 71, 142. மொத்தம் 220. கணிதத்தில் இவற்றை நட்பு எண்கள் என்பார்கள். பேராசிரியர் இதைச் சமையலறை மேஜையில் அவளுக்கு எழுதிக் காட்டுகிறார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பெண்ணும், அவளை நாளைக்கு மறந்துவிடப் போகும் ஒரு மனிதரும், எந்தக் காலத்திலும் மாறாத ஒன்றால் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். காதல் காட்சி என்று சொல்ல முடியாது, ஆனால் அதைவிட ஆழமான ஒன்று அந்தப் பக்கத்தில் நடக்கிறது.

வீட்டில் பத்து வயதுப் பையன் தனியாக இருக்கிறான் என்று தெரிந்ததும் பேராசிரியர் பதறிவிடுகிறார். நாளையிலிருந்து அவனையும் இங்கேயே வரச் சொல் என்கிறார். பையனின் உச்சந்தலை தட்டையாக இருப்பதைத் தடவிப் பார்த்து, வர்க்கமூலக் குறியை நினைத்து 'ரூட்' என்று பெயர் வைக்கிறார். எந்த எண்ணையும் உள்ளே இடம் கொடுத்துக் காக்கும் குறி அது என்கிறார். ஒவ்வொரு நாளும் அவனை முதல் முறையாகச் சந்தித்து, ஒவ்வொரு நாளும் அதே அன்போடு அணைத்துக்கொள்கிறார். நன்றியையோ பழைய பாசத்தையோ எதிர்பார்க்கவே முடியாத நிலையில் உள்ள அன்பு அது. இந்த நாவல் லட்சக்கணக்கில் விற்றதற்குக் காரணம் கணக்கு என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். இந்த அன்புதான் காரணம்.

புத்தகக் கடை ஊழியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 'ஹொன்யா தாய்ஷோ' விருது 2004-ல் தொடங்கப்பட்டபோது முதல் விருது இதற்குத்தான். யோமியூரி இலக்கியப் பரிசும் கிடைத்தது. கடைக்காரர்களும் விமர்சகர்களும் ஒரே புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது அடிக்கடி நடப்பதில்லை.

கணக்கு வராதவர்கள் படிக்கலாமா?

தாராளமாக. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஓரிடத்தில் ஆய்லர் என்ற கணித மேதையின் சமன்பாடு வருகிறது. வீட்டில் ஒரு கசப்பான சண்டை நடக்கும்போது பேராசிரியர் ஒரு தாளில் அதை எழுதி மேஜைமேல் வைக்கிறார், சண்டை நின்றுவிடுகிறது. அது ஏன் நின்றது என்பதை ஒகாவா விளக்குவதில்லை. சமன்பாடு புரிந்தவர்களுக்கும் புரியாதவர்களுக்கும் அந்த இடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

இந்த நாவலுக்கும் ராமானுஜனுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

நேரடியாக இல்லை, ஆனால் உண்மையான தொடர்பு உண்டு. நடுவில் இருப்பவர் மசாஹிகோ ஃபுஜிவாரா என்ற ஜப்பானியக் கணித அறிஞர். நல்ல கட்டுரையாளரும்கூட. மேதைகளான கணித அறிஞர்களின் வெற்றியும் வீழ்ச்சியும் பற்றி என்எச்கே தொலைக்காட்சியில் அவர் ஒரு தொடர் வழங்கினார். அதில் அவர் எடுத்துக்கொண்டவர்களில் நம் ராமானுஜனும் ஒருவர். அந்தத் தொடர்தான் ஒகாவாவுக்குக் கணித அறிஞர்கள்மேல் ஆர்வத்தைக் கிளப்பிவிட்டது. நாவல் எழுதும்போது ஃபுஜிவாராவிடம் நேரில் போய்க் கேட்டறிந்தார். பிறகு 2005-ல் இருவரும் சேர்ந்து கணிதத்தின் அழகைப் பற்றி ஓர் உரையாடல் நூலே வெளியிட்டார்கள்.

ஃபுஜிவாரா ராமானுஜனைத் தேடிக் கும்பகோணத்துக்கே வந்தவர். அந்த வட்டாரத்துக் கோயில்களையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகு சூழ்ந்த இடத்தில்தான் அப்படி ஒரு மேதை பிறக்க முடியும் என்ற கருத்தைத் தன் நூலில் எழுதினார். கணிதம் என்றால் முதலில் அழகு என்ற அந்தப் பார்வைதான் ஒகாவாவின் பேராசிரியரிடமும் இருக்கிறது. அவர் ஒரு தீர்வைச் 'சரி' என்று பாராட்டுவதைவிட 'அழகு' என்றே பாராட்டுகிறார்.

நாவலில் பேஸ்பால் ஏன் அவ்வளவு வருகிறது?

ஒகாவா ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் ரசிகை என்பது ஒரு காரணம். ஆனால் அவர் அதைப் பயன்படுத்தியிருக்கும் விதம் அபாரம். பேராசிரியரின் நாயகன், அந்த அணியின் பந்துவீச்சாளர் யுதாகா எனாட்சு. 1968 பருவத்தில் 401 முறை ஸ்டிரைக்-அவுட் (பந்தை அடிக்க விடாமல் மட்டையாளரை வெளியேற்றுவது) செய்த சாதனையாளர். சட்டை எண் 28. 28-ஐ மீதியில்லாமல் வகுக்கும் 1, 2, 4, 7, 14 கூட்டினால் அதே 28, அதாவது முழுமை எண். 1976 தொடக்கத்தில் ஹன்ஷின் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது. பேராசிரியரின் ஞாபகமோ 1975-லேயே நின்றுவிட்டது. எனவே அவருக்கு எனாட்சு இன்னும் ஹன்ஷினில்தான் ஆடுகிறார். இன்று எனாட்சு பந்து வீசுகிறாரா என்று அவர் கேட்கும்போதெல்லாம் அம்மாவும் பையனும் என்ன பதில் சொல்வது என்று தவிக்கிறார்கள். அந்தப் பொய்களில் இருக்கும் கருணைக்காகவே இந்தப் பகுதிகளை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஆரம்பகாலக் கதைகள் மிகவும் குரூரமாக இருக்கின்றன. அதே ஆள்தானா எழுதியது?

அதே ஆள்தான். 'கர்ப்பக் குறிப்பேடு' கதையில் தங்கை, கர்ப்பமாக இருக்கும் அக்காவை நாள்வாரியாகக் குறித்து வைக்கிறாள். மசக்கை தீர்ந்து அக்காவுக்குப் பசி எடுக்கும்போது, இறக்குமதியான கிரேப்ஃப்ரூட்டில் ஜாம் செய்து கொடுக்கிறாள். அதன் தோலில் கருவைப் பாதிக்கும் ரசாயனம் இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். அக்கா கரண்டி கரண்டியாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குரலில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. 'டைவிங் பூல்' கதையில் அனாதை இல்லம் நடத்தும் மதபோதகரின் மகள், ஒரு சின்னக் குழந்தையைத் துன்புறுத்துகிறாள். மதவளாகத்தில் வளர்ந்த எழுத்தாளர் இதை எழுதுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 1996-ல் வந்த 'ஹோட்டல் ஐரிஸ்' இன்னும் இருண்டது. கடற்கரை ஊரில் பதினேழு வயதுப் பெண்ணுக்கும் வயதான மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையிலான வதை கலந்த உறவு.

பிறகு மனம் மாறி அன்பான கதைகள் எழுத வந்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தத் தங்கையும் வீட்டு வேலைக்காரியும் செய்வது ஒரே வேலைதான். பக்கத்தில் இருந்து, எதையும் விடாமல் பார்த்து, குறித்து வைக்கிறார்கள். கவனிப்பு என்பது தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, அது அன்பாகவும் முடியலாம், விஷமாகவும் முடியலாம் என்பதை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டவர் ஒகாவா. அந்தக் கதைகளை எழுதியவர் என்பதால்தான் பேராசிரியர் நாவலில் அன்பு இனிப்பாக வழிவதில்லை.

பொருள்களைச் சேகரிப்பவர்கள் இவர் கதைகளில் நிறைய வருகிறார்களே?

ஆமாம். ஒரு குறுநாவலில், ஜனங்கள் கொண்டுவரும் எதையும் மாதிரியாகப் பதப்படுத்தி வைக்கும் ஆய்வகம் வருகிறது. வீடு எரிந்து குடும்பத்தை இழந்த பெண் அந்த இடத்தில் முளைத்த காளான்களைக் கொண்டுவருகிறாள். இன்னொருவர் ஒரு இசைத்துணுக்கைக் கொண்டுவருகிறார். 2000-ல் வந்த ஒரு நாவலில், கிராமத்தில் இறந்துபோன ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பொருளை எடுத்து அருங்காட்சியகம் அமைக்கிறாள் ஒரு கிழவி. 2011-ல் வந்த இன்னொன்றில், வெளிநாட்டில் கெரில்லாக்களிடம் பிணையாகச் சிக்கிய ஜப்பானியர்கள், பொழுதுபோக ஆளுக்கொரு கதை எழுதிப் படிக்கிறார்கள். மீட்பு முயற்சியில் அவர்கள் இறந்துபோகிறார்கள். ஒட்டுக்கேட்பு ஒலிநாடாவில் பதிவான கதைகள் மட்டும் மிஞ்சுகின்றன. அந்தக் கதைகளில் பெரிய வீரசாகசம் எதுவும் இல்லை. மீப் ஹீஸின் இழுப்பறை இங்கே ஒலிநாடாவாகி இருக்கிறது.

பாத்திரங்களுக்குப் பெயரே வைக்க மாட்டாரா?

பல நாவல்களில் வைப்பதில்லை. பேராசிரியர், முதியவர், ஆர், ரூட். ஊருக்கும் பெயர் இருக்காது. விதிவிலக்கு, 2006-ல் வந்த மீனாவின் கதை. ஆங்கிலத்தில் 2024-ல் 'மீனாஸ் மேட்ச்பாக்ஸ்' என்று வந்தது.

அந்த நாவல் எப்படி?

எனக்கு மிகவும் பிடித்தது. 1972. தோமோகோ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒகயாமாவிலிருந்து, அந்த வருஷம்தான் அங்கிருந்து ஓடத் தொடங்கிய புல்லட் ரயிலில் ஏறி, கோபேக்குப் பக்கத்து ஆஷியாவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள். பெரிய பங்களா, குளிர்பானக் கம்பெனி முதலாளி வீடு. ஜெர்மானியப் பாட்டி ஒருத்தி. தோட்டத்தில் போச்சிகோ என்ற குள்ள நீர்யானை. மூச்சுத்திணறல் உள்ள ஒன்றுவிட்ட தங்கை மீனா அதன் முதுகில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போகிறாள். தீப்பெட்டிகள் சேகரித்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை எழுதி வைக்கிறாள்.

அந்த வருஷத்தின் உண்மைச் சம்பவங்களும் அந்த வீட்டுக்குள் வந்துபோகின்றன. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் கவபத்தாவின் தற்கொலை, மியூனிக் ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆண்கள் வாலிபால் அணி தங்கம் வென்றது, அதே ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்டது. கதை பெரிதாகத் திருப்பம் எதுவும் எடுக்காது. முப்பது வருஷம் கழித்து அந்த வீட்டை நினைத்துப் பார்க்கும் ஒருத்தியின் குரல், அவ்வளவுதான். தனிசாகி பரிசு பெற்ற நாவல். ஒகாவா 2002-லிருந்து ஆஷியாவில் வாழத் தொடங்கினார், அந்தத் தெருக்களின் நெருக்கம் நாவலில் தெரிகிறது.

முரகாமி போல எழுதுவாரா?

ஹருகி முரகாமி என்ற ஜப்பானிய நாவலாசிரியரும் இவரும் வசேதாவில் படித்தவர்கள். முரகாமி வளர்ந்ததும் ஆஷியாவில்தான். ஒற்றுமை அத்தோடு கிட்டத்தட்ட முடிந்தது. முரகாமியின் நாயகன் வீட்டைவிட்டுக் கிளம்பி வேறொரு உலகத்துக்குப் போவான். ஒகாவாவின் ஆட்கள் ஒரு அறையைவிட்டே நகர்வதில்லை. இசைப் பட்டியல்கள், துப்பறிதல், நீண்ட பேச்சு எதையும் இவரிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

விருதுகள்?

மேலே சொன்னவை தவிர, இஸுமி கியோகா பரிசு (2004), நோமா பரிசு (2020), ஜப்பானிய அரசின் ஊதா நாடாப் பதக்கம் (2021). 'தி மெமரி போலீஸ்' 2019-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதின் மொழிபெயர்ப்புப் பிரிவில் இறுதிச் சுற்றுக்கும், 2020-ல் சர்வதேச புக்கர் குறும்பட்டியலுக்கும் போனது. 2007-லிருந்து அகுதாகவா பரிசின் நடுவர் குழுவில் இருக்கிறார். அந்த வருஷமே தோக்கியோ எஃப்எம் வானொலியில் புத்தகங்களைப் பற்றிப் பேசும் வாராந்திர நிகழ்ச்சியையும் தொடங்கினார்.

படமாக வந்திருக்கிறதா?

பேராசிரியர் நாவல் 2006-ல் ஜப்பானில் படமானது. அகிரா குரோசவாவிடம் நீண்டகாலம் உதவி இயக்குநராக இருந்த தகாஷி கொய்சுமி இயக்கினார். வளர்ந்து கணக்கு வாத்தியாராகிவிட்ட ரூட், வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வதாகப் படம் விரிகிறது. மாதிரிகள் பதப்படுத்தும் ஆய்வகக் கதையை 2005-ல் பிரெஞ்சில் டியான் பெர்த்ராந் எடுத்தார்.

ஆங்கிலத்தில் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தார்?

பிரெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ஆக்ட் சூட் பதிப்பகம் 1990-களின் நடுவிலேயே வெளியிடத் தொடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் 2004-ல் நியூயார்க்கர் இதழில் ஒரு கதை வந்தது, 2008-ல்தான் முதல் புத்தகம் 'தி டைவிங் பூல்'. அதன் பிறகு வந்தவை, பேராசிரியர் நாவல் (2009), ஹோட்டல் ஐரிஸ் (2010), ரிவெஞ்ச் (2013), மெமரி போலீஸ் (2019), மீனா (2024). ஆறையும் மொழிபெயர்த்தவர் ஒருவரே, ஸ்டீஃபன் ஸ்னைடர். ஒரே குரலில் படிக்கக் கிடைப்பது நம் போன்ற வாசகர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் எழுதிய வரிசையும் ஆங்கிலத்தில் வந்த வரிசையும் வேறு வேறு. மெமரி போலீஸ், பேராசிரியர் நாவலுக்கு ஒன்பது வருஷம் முந்தியது.

எதிலிருந்து தொடங்கலாம்?

பேராசிரியர் நாவலிலிருந்து. இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். அடுத்து மெமரி போலீஸ். இரண்டும் பிடித்தால் 'ரிவெஞ்ச்' தொகுப்புக்குப் போங்கள். பதினொரு கதைகள், ஒன்றின் மூலையில் கிடக்கும் பொருள் அடுத்ததில் நடுவுக்கு வரும். முதல் கதையிலேயே ஒரு அம்மா, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இறந்த மகனின் பிறந்தநாளுக்கு ஸ்ட்ராபெரி கேக் வாங்க வருகிறாள். கேக் கடையில் ஆளில்லை. உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். இவ்வளவுதான் சொல்வேன்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பேராசிரியர் நாவலையும் மீனாவையும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்தே தயங்காமல் கொடுக்கலாம். கணக்கைக் கண்டாலே ஓடும் பிள்ளைக்கு முதலாவதை அவசியம் கொடுங்கள். மெமரி போலீஸ் பதினைந்து வயதுக்குப் பிறகு. அதன் நடுவே, ஒரு தட்டச்சுக்காரி தன் குரலை இழந்து கோபுர அறையில் அடைபடும் இன்னொரு கதையும் ஓடுகிறது, அது சின்னப் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யும். டைவிங் பூலும் ரிவெஞ்சும் கல்லூரி வயதில் படிக்கட்டும். ஹோட்டல் ஐரிஸ் பெரியவர்களுக்கு மட்டும்.